தாங்கும் சரி, எவ்வளவு தொய்யும்?

நீலகிரியில் புதிதாக வீடு கட்டுகிறவர்களைவிட, இருக்கிற வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். காரணம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இடம் கிடைப்பது பெரும்பாடு. கிடைத்தாலும் பாதி சரிவு. அதற்கு மேல் அனுமதி வாங்க நடையாய் நடக்க வேண்டும். அதனால் பாட்டன் காலத்து வீட்டையோ, விலைக்கு வாங்கிய பழைய பங்களாவையோ உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கால வீடுகள் குளிருக்குப் பயந்து கட்டியவை. சின்னச் சின்ன அறைகள், அறைக்கொரு கணப்பு, நடுவில் தடித்த சுவர்கள். இன்றைக்கு யாருக்கும் அது பிடிப்பதில்லை. ஹாலும் சாப்பாட்டு அறையும் ஒன்றாக வேண்டும், ஜன்னலில் இருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் மொத்தமும் தெரிய வேண்டும். சரி, நடுச்சுவரை எடுத்துவிட்டு மேலே ஒரு இரும்பு கர்டர் போட்டால் முடிந்தது என்பார்கள்.

அப்போது வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தாங்குமா சார்?" வெல்டிங் பட்டறைக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "பஸ்ஸே ஓட்டலாமுங்க." இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் சுவரைச் சுமக்கிற கர்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. சுவருக்கு அடியில் போட்ட கர்டர் ஒடிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. மேலே இருக்கிற சுவர் பிளந்து பார்த்திருக்கிறேன், நிறையவே. கர்டர் ஜம்மென்று இருக்கும், அதன் தலையில் இருக்கிற செங்கல் சுவரில் படிப்படியாக விரிசல் ஏறிப் போயிருக்கும். கொடிக்கயிறு தொய்ந்தால் அதில் காயும் துணியும் கூடவே தொய்யும். செங்கல் சுவருக்கு அந்தக் குணம் கிடையாது. அடியில் இருப்பது இறங்கினால் அது வளையாது, வெடிக்கும்.

குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் பார்த்த ஒரு வேலையின் கணக்கை அப்படியே சொல்கிறேன். எண்களைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மாடி வீடு. கீழே ஹாலுக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். அதில் 4 மீட்டர் அகலத்துக்குத் திறப்பு வேண்டும். அதே சுவர் மாடியிலும் தொடர்கிறது, உயரம் 2.7 மீட்டர். இருபக்கப் பூச்சோடு சேர்த்து ஒன்பது இஞ்ச் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ வரும். ஆக, ஓடும் மீட்டருக்கு 1,350 கிலோ சுவர் மட்டும். ஒரு பக்கம் மாடியின் மரத்தளம் 3 மீட்டர் நீளத்துக்கு இந்தச் சுவரில் வந்து உட்காருகிறது. அதில் பாதி நமக்கு. மரம், பலகை எல்லாம் சேர்த்து 150 கிலோ, மேலே ஆள் நடமாட்டம், கட்டில், பீரோ என்று விதிப்படி 300 கிலோ. மொத்தம் மீட்டருக்கு 1,800 கிலோ. கர்டர் தலையில் ஏழு டன்னுக்கு மேல். கர்டரின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம், இதற்கு முன்னால் அது தூசு.

பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்தது ஐ.எஸ்.எம்.பி. 200 ஒன்று. அதாவது 200 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இரும்பு, மீட்டருக்கு 25.4 கிலோ. வலுவைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நடுவில் வரும் வளைவு விசைக்கு இரும்பில் எழும் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ.யும் சுமக்கிற விசை, 161 நியூட்டன். பழைய முறையில் சாதா இரும்புக்கு அனுமதித்தது 165. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதி ஐ.எஸ். 800-இன் 2007-ஆம் வருட முறையில் போட்டாலும், பக்கவாட்டில் சரியாமல் பிடித்திருந்தால், மயிரிழையில் தேறிவிடும். பாஸ்.

இப்போது தொய்வைப் போடுங்கள். இரண்டு முனையும் சும்மா உட்கார்ந்திருக்கும் விட்டத்தில், சுமை சீராக இருந்தால், நடுவில் இறங்கும் அளவுக்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. மேலே ஐந்து, மீட்டர் சுமை, நீளத்தின் நான்காம் படி. கீழே 384, இரும்பின் யங் குணகம் (இரும்பு எவ்வளவு விறைப்பு என்பதன் அளவு), குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் (அந்த வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு). யங் குணகம் சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன். ஐ.எஸ்.எம்.பி. 200-க்குக் கைப்புத்தகத்தில் உள்ள நிலைமத் திருப்புத்திறன் 2,235 செ.மீ. நான்காம் படி. போட்டுப் பார்த்தால் 13.4 மி.மீ. கொத்துவேலைக் கணக்கில் சொன்னால் நாலு நூலுக்கும் மேல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). அரை இஞ்ச்.

நாலு மீட்டரில் அரை இஞ்ச் என்றால் கண்ணுக்கே தெரியாது. பட்டறைக்காரருக்கும் அதுதான் வாதம். "நூல் கட்டிப் பாத்தாக்கூட தெரியாதுங்க சார்." உண்மைதான், கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குத் தெரியும்.

எவ்வளவு வரை சுவர் பொறுக்கும்? இங்கேதான் நம் ஆட்கள் பலர் தப்பான வரியைப் படிக்கிறார்கள். ஐ.எஸ். 800-இல் தொய்வுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. தளத்துக்கும் கூரைக்கும், விரிசல் விடாத பொருள் என்றால் நீளத்தில் 300-இல் ஒரு பங்கு, விரிசல் விடக்கூடிய பூச்சு மாதிரிப் பொருள் என்றால் 360-இல் ஒரு பங்கு. சுவரைச் சுமக்கிற விட்டத்துக்கென்று தனி வரி கிடையாது. அப்புறம் கவனிக்க வேண்டியது, அந்த வரம்பு நடமாட்டச் சுமைக்கு மட்டும். நம் கர்டரில் நடமாட்டச் சுமை எவ்வளவு? 1,800-இல் 300. அதற்கு மட்டும் தொய்வு 2.2 மி.மீ. 360-இல் ஒரு பங்கு என்றால் 11 மி.மீ. வரை போகலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். காகிதத்தில் கர்டர் முதல் வகுப்பில் பாஸ். கம்ப்யூட்டரில் போட்டாலும் பச்சை விளக்குதான் எரியும். ஆனால் சுவரை உடைக்கப் போவது சுவரின் எடையே. அந்த 1,350 கிலோவை அட்டவணை எண்ணவே இல்லை.

ஐ.எஸ். 456-இல், கான்கிரீட்டுக்கு, இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தடுப்புச் சுவரும் பூச்சும் வந்த பிறகு ஏற்படும் தொய்வு நீளத்தில் 350-இல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., எது குறைவோ அது. எப்போது தொய்கிறது என்ற கேள்வியை அந்த விதி கேட்கிறது, அதுதான் அதன் அருமை. ஆனாலும் கம்பி போடாத செங்கல் சுவரைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கும் விட்டத்துக்கு 350 போதாது என்பது என் எண்ணம்.

நான் எடுத்துக்கொள்வது 600. அமெரிக்கக் கொத்துவேலை விதியான டி.எம்.எஸ். 402-இல் இருப்பது அது. கம்பியில்லாத கொத்துச்சுவரைத் தாங்கும் விட்டமோ லின்டலோ, நிலைச்சுமையும் (சுவர், தளம் இவற்றின் சொந்த எடை) நடமாட்டச் சுமையும் சேர்த்து, நீளத்தில் 600-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது. முன்பு ஏ.சி.ஐ. 530 என்ற பெயரில் இருந்தபோது 0.3 இஞ்ச், அதாவது 7.6 மி.மீ.க்கு மேலும் போகக்கூடாது என்று இன்னொரு பூட்டும் இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். நம் ஊர் வேலைக்கு அந்தப் பழைய பூட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நாலரை மீட்டரைத் தாண்டினால்தான் அது கடிக்கும், அந்த நீளத்துக்கு மேல் கேட்கிற வீட்டுக்காரரைக் கொஞ்சம் கடிக்கத்தான் வேண்டும்.

நம் 4 மீட்டருக்கு 600-இல் ஒரு பங்கு 6.7 மி.மீ., ரெண்டு நூல். பட்டறைக்காரரின் கர்டர் அதைப்போல இரண்டு மடங்கு தொய்கிறது. ஐ.எஸ்.எம்.பி. 225 போட்டால் 8.7. இன்னும் கூடுதல்தான். 250 போட்டால் 5.8. தேறிவிட்டது. மீட்டருக்கு 12 கிலோ எடை கூடுகிறது, மொத்தத்தில் ஒரு ஆள் எடைக்கும் குறைவான இரும்பு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி, கணக்குப் பார்ப்பவர். "தாங்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இன்னும் இரும்பு?" என்று கேட்டார். இந்தக் கணக்கைத்தான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதிக் காட்டினேன்.

கூடவே இன்னொன்றும் கேட்டார்: உயர்தர இரும்பு போட்டால் சின்ன கர்டரே போதாதா? போதாது. வலுக் கூடிய இரும்பு ஒடிய அதிகச் சுமை வேண்டும், ஆனால் அதே சுமைக்கு வளைவது அதே அளவுதான். யங் குணகம் எல்லா இரும்புக்கும் ஏறக்குறைய அதே 2 லட்சம். தொய்வு விஷயத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது உயரத்தை.

அந்த உயரத்தில்தான் ஒரு சுவாரசியம். 250 ஒன்றுக்குப் பதில் 200 இரண்டை ஒட்டிப் போட்டால் என்ன? நிலைமத் திருப்புத்திறன் இரட்டிப்பாகிறது, தொய்வு பாதியாகி 6.7 ஆகிறது. கறாராகப் பார்த்தால் 6.71, வரம்பு 6.67. எடையோ மீட்டருக்கு 51 கிலோ. ஒற்றை 250-இன் 37 கிலோவோடு ஒப்பிட்டால் முட்டாள்தனம் மாதிரித்தான் தெரியும். ஆனால் சுவர் 230 மி.மீ. அகலம், 250-இன் மேல்பட்டை 125 மி.மீ. அகலம். பாதிச் சுவர் அந்தரத்தில் நிற்கும். அதற்காகச் சுவர் அகலத்துக்கு 10 மி.மீ. தகடு ஒன்றை மேலே பற்றவைக்க வேண்டும், அது மீட்டருக்கு 18 கிலோ. இப்போது 55 ஆகிவிட்டது! தகடு போட்டாலும் ஒரு ஆபத்து உண்டு. சுவரின் நடுக்கோடும் கர்டரின் நடுக்கோடும் ஒரு இஞ்ச் தள்ளிப்போனாலும் கர்டர் முறுக்கிக்கொள்ளும். ஐ வடிவ இரும்புக்கு முறுக்கு ஆகவே ஆகாது. 200-இன் பட்டை 100 மி.மீ. இரண்டையும் சேர்த்து வைத்தால் 200, சுவருக்குள் அடக்கமாக உட்காரும். ஆளுக்கொரு பக்கம் தாங்கும், முறுக்கும் குறைவு. தலைக்கு மேல் உயரமும் 50 மி.மீ. மிச்சம்.

இன்னொரு காரணம், மலைக்காரர்கள் மட்டும் யோசிப்பது. இரும்பு கீழே கோயம்புத்தூரில் இருந்தோ மேட்டுப்பாளையத்தில் இருந்தோ வர வேண்டும். முழு நீளம் 12 மீட்டர். அதை அப்படியே ஏற்றிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பாது. கீழேயே வெட்டித்தான் ஏற்ற வேண்டும். அப்படி வெட்டும்போது யாராவது மிச்சத் துண்டை வீணாக்காமல் ஒட்டிக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஒட்டு சரியாக நடுவில் வந்து விழும், வளைவு விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில். அதனால் நீளத்தை எழுதிக் கொடுக்கும்போது "ஒட்டில்லாத ஒரே துண்டு" என்று சேர்த்து எழுதுவேன். அப்புறம் ரோட்டில் இருந்து வீட்டுக்குப் படிக்கட்டு. இருபுறம் தாங்கும் இடத்தோடு சேர்த்து 4.6 மீட்டர் நீளத்துக்கு ஒரு 250 என்றால் 170 கிலோவுக்கு மேல். 200 என்றால் 117. நாலு பேர் தோளில் வைத்து இறங்கிவிடலாம். அதனால் 200 இரண்டையே போட முடிவு செய்தோம்.

0.04 மி.மீ. கூடுதலைப் பற்றி ஒரு வார்த்தை. 600 என்பது கத்திமுனை இல்லை. 6.66-இல் முழுசாக இருக்கும் சுவர் 6.72-இல் பிளந்துவிடாது. 600-க்குள் இருந்தாலும் முடி அளவு கீறல் வரலாம், மீறினாலும் வராமல் தப்பலாம். கலவை என்ன, மேலே கதவு ஜன்னல் எங்கே என்பதைப் பொறுத்தது. எண்ணைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரைவிட, அந்தத் தொய்வு எந்த நேரத்தில் நடக்கிறது என்று கேட்கிற மேஸ்திரியை நான் நம்புவேன்.

புதுக்கட்டடத்தில் கர்டரைப் போட்டு அதன் மேல் வரிவரியாகச் சுவர் எழுப்பும்போது, ஒவ்வொரு வரிக்கும் கர்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். கலவை இன்னும் பச்சை, சுவரும் அதோடு அனுசரித்து இறங்கும். மொத்தத் தொய்வில் பெரும்பகுதி, சுவர் இறுகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் ஒரே நாளில் உச்சிவரை எழுப்பாமல் நாள் விட்டுக் கட்டினாலும், பூச்சைக் கடைசியாக, எல்லா எடையும் வந்த பிறகு பூசினாலும், சுமாரான கர்டர்கூடத் தப்பித்துவிடும். பழைய சுவருக்கு அடியில் கர்டர் நுழைப்பது நேர்மாறு. மேலே இருப்பது எழுபது எண்பது வருஷமாக இறுகிப்போன சுவர். முட்டு எடுத்த கணத்தில் கர்டர் தன் முழுத் தொய்வையும் தொய்யும், அத்தனையும் சுவர் தலையில். சுவரின் சொந்த எடையால் வரும் தொய்வுதானே, அது ஏற்கெனவே நடந்ததுதானே என்று இங்கே கழித்துக்கொள்ள முடியாது. பட்டறைக்காரரின் ஒற்றைக் கர்டரைப் போட்டிருந்தால் முட்டு எடுத்த அன்றைக்கே 11 மி.மீ. போயிருக்கும்.

இதற்கு வழி, முட்டு எடுக்கும் முன்பே கர்டரைத் தொய்யவைத்துவிடுவது.

பெட்ஃபோர்டு வீட்டில் அப்படித்தான் செய்தோம். திறப்புக்கு மேலே சுவரில் இடைவெளிவிட்டுத் துளைகள் போட்டு, குறுக்கே சின்ன இரும்புத் துண்டுகளைச் செருகி, இருபுறமும் ஜாக்கி முட்டு கொடுத்தாயிற்று. பிறகு சுவரின் ஒரு பக்கம் பாதித் தடிமனுக்குக் காடி வெட்டி முதல் கர்டரை உள்ளே தள்ளினோம். அது உட்கார்ந்த பிறகு மறுபக்கம் காடி, இரண்டாவது கர்டர். இரண்டையும் நடுவில் குழாய்த் துண்டு வைத்து போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. மேலே சுவருக்கும் கர்டருக்கும் நடுவில் ஒரு இஞ்ச் சந்து விட்டிருந்தோம். அந்தச் சந்தில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணமாக அதில் தளதளவென்று கலவையை அப்பிவிட்டு மறுநாள் முட்டு எடுத்துவிடுவார்கள். நாங்கள் இரும்பு ஆப்புகளை ஜோடி ஜோடியாக எதிரெதிராக வைத்து, நடுவில் இருந்து இரண்டு ஓரத்துக்கும் போய்ப் போய்த் தட்டினோம். ஆப்பு இறுக இறுக, கர்டர் கீழே போகும், சுவர் மேலே முட்டும். மேஸ்திரி சுத்தியலால் தட்டும் ஓசையே மாறியது. முதலில் டொக் டொக்கென்று இருந்தது, இறுகிய பிறகு கணீரென்று கேட்டது.

கர்டரின் அடியில் நடுவில் ஒரு டயல் கேஜ் வைத்திருந்தேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்னக் கடிகாரம், காந்தக் கால் உள்ளது. ஒவ்வொரு சுற்றுத் தட்டலுக்கும் முள் கொஞ்சம் நகர்ந்தது. நிலைச்சுமைக்கு மட்டும் நம் இரட்டைக் கர்டர் 5.6 மி.மீ. தொய்ய வேண்டும். அதில் பாதியை ஆப்பிலேயே வாங்கிவிட வேண்டும் என்பது திட்டம். அதற்கு மேல் அடித்தால் சுவர் மேல்நோக்கி விரியும், அதுவும் விரிசல்தான். பாதிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பிறகு ஆப்புகளுக்கு இடையில் கலவையை இடித்து நிரப்பினார்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது, அந்தப் பதம். ஈரம் கூடினால் காயும்போது சுருங்கி, விட்ட சந்து திரும்ப வந்துவிடும். குன்னூர்ப் பனிக்கு அது இறுக ஒரு வாரம் விட்டோம். கீழே சமவெளியில் இருந்து வந்த ஆட்களுக்கு இந்தப் பொறுமை வராது, "மூணு நாள் போதுமுங்க" என்பார்கள். அவர்கள் ஊர் வெயிலில் போதும்.

முட்டுத் தளர்த்துகிற அன்று மேஸ்திரி கேட்டார், "எடுத்துடலாமுங்களா சார்?" ஒரு முட்டுக்குக் கால் திருப்பு, அடுத்ததற்குக் கால் திருப்பு என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். முள் மேற்கொண்டு மூன்று மில்லிமீட்டர்கூட நகராமல் நின்றது. மாடிச்சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்த இடங்களில் கீறல் இல்லை. வீட்டுக்காரர் மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

தொய்வுக் கணக்கில் வராத இறக்கம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கோட்டைவிடுகிறார்கள். கர்டரின் இரண்டு முனையும் எதன் மேல் உட்காருகின்றன? 7 டன்னில் பாதி ஒவ்வொரு முனைக்கும் வருகிறது. அதைப் பழைய செங்கல்லின் ஒரு ஜாண் இடத்தில் நேரடியாக வைத்தால் செங்கல் நொறுங்கும், கர்டர் முனையோடு இறங்கும். மண்கலவையில் கட்டிய கருங்கல் சுவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். முனைக்கு அடியில் கான்கிரீட் திண்டு, அதன் மேல் இரும்புத் தகடு, இரண்டும் அவசியம். அடுத்தது அஸ்திவாரம். முன்பு சுவர் முழுக்கப் பரவியிருந்த எடை இப்போது இரண்டு ஓரங்களில் குவிகிறது. சரிவில் நிற்கிற வீட்டில் ஒரு ஓரம் வெட்டிய நிலத்திலும் மறு ஓரம் கொட்டி நிரப்பிய மண்ணிலும் இருக்கும். நிரப்பிய பக்கம் ஐப்பசி மழைக்கு ரெண்டு நூல் இறங்கினால், நாம் மேலே கர்டரில் மிச்சம் பிடித்த ரெண்டு நூல் போயே போச்சு. அதனால் கர்டர் கணக்குப் போடும் முன் இரண்டு ஓரத்திலும் குழி தோண்டிப் பார்க்கச் சொல்வேன்.

நீளத்தின் நான்காம் படி என்பது எவ்வளவு கொடூரமானது என்று வீட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. "நாலு மீட்டர் ஆச்சு, அஞ்சா போட்டுக்கலாமே" என்பார்கள். ஒரு மீட்டர்தான். அதே சுமைக்கு, அதே கர்டரின் தொய்வு இரண்டரை மடங்கு ஆகும். 4 மீட்டருக்கு 250 போதும் என்ற இடத்தில், 5 மீட்டருக்கு 300-கூட 600-ஐத் தாண்டிவிடுகிறது, 350-க்குப் போக வேண்டும். வலுவை மட்டும் பார்த்தால் 5 மீட்டருக்கும் 250 தாராளமாகத் தாங்கும். தாங்கும் என்ற சொல்லை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இந்த நீளங்களில்தான்.

மேஸ்திரிகள் சொல்லும் ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. "சுவர் தன்னைத்தானே தாங்கிக்கும் சார், முக்கோணம் மட்டும்தான் கர்டருக்கு." நல்ல கலவையில் கட்டிய சுவரில் திறப்புக்கு மேலே வளைவு மாதிரி விசை ஓடி இருபுறமும் இறங்கும். கர்டருக்கு வருவது அடியில் உள்ள முக்கோணத் துண்டின் எடை மட்டுமே. பழைய வீடுகளில் லின்டலே உளுத்துப்போன பிறகும் ஜன்னலுக்கு மேல் சுவர் நிற்பது அதனால்தான். ஆனால் அந்த வளைவு உருவாக மேலே போதுமான உயரமும், இருபுறமும் உதைத்துக்கொள்ளச் சுவரும் வேண்டும். பெட்ஃபோர்டு வீட்டில் திறப்புக்கு நேர்மேலே மாடியில் ஒரு கதவு இருந்தது. வளைவு எங்கே போகும்? தவிர, அந்த வளைவு வேலை செய்யத் தொடங்கவே கர்டர் கொஞ்சம் இறங்கி, அடிவரிசை பிரிந்திருக்க வேண்டும். அந்தப் பிரிவுதான் கர்டருக்குச் சற்று மேலே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல். சுவர் விழாது என்பதற்கு முக்கோணம் ஆறுதல். விரிசல் வராது என்பதற்கு அது பதில் இல்லை.

பழைய வீடுகளில் பூச்சை உரிக்கும்போது எதெல்லாமோ வெளியே வரும். தண்டவாளத் துண்டை விட்டமாகப் போட்டிருப்பார்கள். சில கர்டர்களில் இங்கிலாந்தின் டோர்மன் லாங் கம்பெனி முத்திரை தெளிவாகத் தெரியும். மலைக்கு விட்டம் என்பது எப்போதும் எங்கிருந்தோ சுமந்து வந்ததுதான். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம் 1829-இல் தொடங்கியபோது, அதன் பெரிய மர விட்டங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையில் இருந்து வந்தன. மர விட்டத்துக்கும் இரும்புக்கும் தொய்வில் ஒரு வித்தியாசம் உண்டு. மரம் சுமையைத் தாங்கிக்கொண்டே வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டு போகும், கான்கிரீட்டும் அப்படித்தான். இரும்பு, நம் வீட்டுச் சூட்டிலும் குளிரிலும், முதல் நாள் தொய்ந்ததோடு சரி. மறுபடி சுமை கூடினால்தான் இறங்கும்.

இது தெரிந்திருந்தால் தேவையில்லாத இடிப்பு வேலை நிறைய மிச்சமாகும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் மாடிக் கதவு நிலையில் சிக்கியது. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று தச்சரைக் கூப்பிட்டு இழைத்தார்கள். மலையில் கதவு சிக்கினால் எல்லோரும் முதலில் திட்டுவது மழையைத்தான். பங்குனி வெயிலிலும் கதவு தளரவில்லை என்ற பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கீழே முந்தைய ஒப்பந்ததாரர் போட்ட கர்டர். நடுவில் நூல் பிடித்தால் அரை இஞ்சுக்கு மேல் தொய்வு. கதவு நிலையின் மூலையில் இருந்து சாய்வாக ஒரு விரிசல், கர்டருக்கு ஒரு வரி மேலே படுக்கையாக இன்னொன்று. கர்டரை எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட வேண்டும் என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

வலுவைக் கணக்குப் பார்த்தேன், தேறியது. முனைகளைத் தோண்டிப் பார்த்தோம், திண்டு சரியாக இருந்தது. அப்படியென்றால் சேதம் நடந்து முடிந்துவிட்டது, அந்த அளவோடு நின்றும்விட்டது. இப்போது கர்டரை மாற்றினால் முட்டு, ஆப்பு, தூக்கல் என்று அந்தச் சுவரை இன்னொரு முறை ஆட்டிவைக்க வேண்டும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தேதி எழுதி வைக்கச் சொன்னேன். விரிசல் ஆடினால் கண்ணாடி உடையும். ஆடி மழையும் ஐப்பசி மழையும் கடந்தும் ஒன்றும் உடையவில்லை. பிறகு விரிசலைச் சுரண்டிச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தோம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அடைத்தால் அது ஒட்டாமல் தனியாக நின்று பக்கத்தில் புது விரிசலைத் திறக்கும். கதவைத் தச்சர் மறுபடி இழைத்தார், இந்த முறை நிலையின் புதுச் சாய்வுக்கு ஏற்றபடி.

கர்டரைச் சும்மா விடவில்லை. வெளிச்சுவரில் நுழைந்திருந்த முனையில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. மஞ்சு இறங்குகிற ஊரில் இரும்பின் முனை சுவருக்குள் ஈரத்திலேயே கிடக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும், சுவரை அடியில் இருந்து நெம்பித் தூக்கும். அப்போது வரும் விரிசல் தொய்வு விரிசல் மாதிரி நடுவில் இராது, முனைக்கு நேர்மேலே இருக்கும். முனையைத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்து, வெளிப்பக்கம் தண்ணீர் இறங்காமல் மூடினோம். வேலை மூன்று நாளில் முடிந்தது. புதுக் கர்டருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தில் வீட்டுக்காரம்மா கூரைத் தகரத்தை மாற்றிக்கொண்டார். அதுதான் அந்த வீட்டுக்கு முதலில் செய்திருக்க வேண்டிய வேலை.